டேபிளைப் பார்த்து டிராஃப்டுக்கு மார்க் போடாதீங்க

கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு வெச்சுட்டு வாங்க. கிரிக்கெட்டில் ஆரம்பிச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் போகும். கிரிக்கெட் பிடிக்காதவங்களும் படிக்கலாம், உங்களுக்கும் இதில் பங்கு இருக்கு.

சீசன் முடிஞ்ச பிறகு பாயின்ட்ஸ் டேபிளைக் கையில வெச்சுக்கிட்டு, "இப்படி ஒரு டீமை எவனாவது எடுப்பானா?"ன்னு டிராஃப்டுக்குத் தீர்ப்பு எழுதறவங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. அது கிரிக்கெட் அறிவு இல்லை. விடைத்தாளைப் பார்த்துக்கிட்டே கேள்விக்குப் பதில் சொல்ற வேலை.

தெரியாதவங்களுக்காக: ஐபிஎல் தொடங்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நண்பர்கள் எட்டு பேர் ஒரு மொட்டை மாடியில உட்கார்ந்து பொய்யா ஒரு ஏலம் நடத்துவோம். ஆளுக்கு 100 கோடி, எல்லாம் காகிதத்துல மட்டும். பத்து அணி வீரர்களையும் ஏலத்துல கேட்டு ஆளுக்கொரு டீம் எடுப்போம். அப்புறம் நிஜ மேட்ச்ல அவங்க அடிக்கிற ரன்னுக்கு 1, எடுக்கிற விக்கெட்டுக்கு 25, பிடிக்கிற கேட்ச்சுக்கு 8. கேப்டனுக்கு ரெண்டு மடங்கு. கடைசியில வர்றவர் மத்தவங்களுக்குப் பரோட்டா வாங்கித் தரணும். அவ்வளவுதான் பந்தயம். காசு கட்டி ஆடுற ஆப் பத்தி இங்கே பேசலை. அதுக்கு 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் சட்டமே போட்டாச்சு.

நாலு பேர் பெரம்பலூர், நாலு பேர் அரியலூர். (இந்த ரெண்டு மாவட்டத்தையும் 2001ல பிரிச்சாங்க, 2002ல சேர்த்தாங்க, 2007ல மறுபடி பிரிச்சாங்க. எங்க குரூப்பை மட்டும் யாரும் பிரிக்கலை. இப்ப அந்த வேலையை நாங்களே செஞ்சுக்கிட்டு இருக்கோம்.)

2025 சீசன் ஜூன் 3ஆம் தேதி முடிஞ்சது. அகமதாபாத்ல பெங்களூரு 190, பஞ்சாப் 184, ஆறு ரன்ல கோப்பை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்க குரூப்ல "தீர்ப்பு நாள்". ஒவ்வொருத்தர் டீமுக்கும் பத்துக்கு மார்க். கடைசியா வந்தவர் செட்டிகுளம் பக்கம் விவசாயம் பார்க்கிற நண்பர். அவருக்கு மார்க் பூஜ்யம். மார்க்கோட விட்டிருந்தா பரவாயில்லை. ஸ்டிக்கர், மீம், வாய்ஸ் நோட்டு. "உனக்கு வெங்காயமும் வராது, கிரிக்கெட்டும் வராது" வரைக்கும் போச்சு. அன்னைக்கு ராத்திரியே மனுஷன் குரூப்பை விட்டு வெளியேறிட்டார். பரோட்டாக் காசை மட்டும் மறுநாள் காலையில ஜிபே பண்ணிட்டார்.

நான் நாலாவதா வந்தேன். ஆக வயித்தெரிச்சல்ல பேசறேன்னு யாரும் சொல்ல முடியாது.

இப்ப அவர் டீமை எடுத்து மேஜையில வைப்போம். சரியா டிராஃப்ட் நடந்த ராத்திரி என்ன தெரியுமோ அதை மட்டும் வெச்சுப் பார்ப்போம்.

கேப்டனா அவர் எடுத்தது ருதுராஜ் கெய்க்வாட். 2023ல 590 ரன். 2024ல 583 ரன், அந்த வருஷம் கோலிக்கு அடுத்த இடம். சென்னை டீமோட கேப்டன், அதனால பெஞ்ச்ல உட்கார வைப்பாங்கன்னு பயம் கிடையாது. இதைவிடப் பாதுகாப்பான ஆளைக் காட்டுங்க பார்ப்போம். நடந்தது என்ன? மார்ச் 30, குவாஹாட்டியில ராஜஸ்தானோட மேட்ச். ஒரு பந்து முன்கையில பட்டுது. முழங்கை எலும்புல கீறல் முறிவு. அஞ்சு மேட்ச், 122 ரன், சீசன் முடிஞ்சது.

அடுத்து மிட்செல் ஸ்டார்க். ஹைதராபாத்துக்கு எதிரா 35 ரன்னுக்கு 5 விக்கெட். ராஜஸ்தானுக்கு எதிரா சூப்பர் ஓவர்ல டெல்லியை ஜெயிக்க வெச்சார். 11 மேட்ச்ல 14 விக்கெட். எடுத்தவர் கணக்குச் சரியாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. மே 9ஆம் தேதி எல்லையில பதற்றம்னு ஐபிஎல்லை நிறுத்தினாங்க. மே 17 மறுபடி ஆரம்பிச்சப்ப ஸ்டார்க் திரும்பி வரலை.

தீர்ப்பு நாள்ல ஒருத்தர் கேட்கிறார்: "ஃபாரின் ஆளுங்களை நம்பி எடுத்தா இப்படித்தான். முன்னாடியே யோசிக்க வேண்டாமா?"

அண்ணே, மார்ச் மாசம் மொட்டை மாடியில உட்கார்ந்து, மே மாசம் எல்லையில என்ன நடக்கும்னு யோசிக்கணுமா? அதை யோசிச்சுச் சொல்ற ஆளு நம்ம குரூப்ல இருந்தா அவரை டெல்லிக்கு அனுப்புங்க, இங்கே ஏன் பரோட்டாவுக்கு ஆடிக்கிட்டு இருக்கார்?

மூணாவது வெங்கடேஷ் ஐயர். காகிதக் காசுல 15 கோடி. இங்கே நான் நண்பருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். அது அதிகம். 2024ல அவர் 370 ரன் அடிச்சார், ஃபைனல்ல அரைசதம், எல்லாம் சரி. ஆனா நடுவரிசையில இறங்குற ஆளுக்குப் பந்து எத்தனை கிடைக்கும்? ரன்னுக்கு ஒரு பாயின்ட் தர்ற ஆட்டத்துல ஓப்பனருக்குத் தர்ற விலையை அவருக்குத் தரக் கூடாது. இந்தக் குறையை அன்னைக்கு ராத்திரியே சொல்லியிருக்கலாம். அதனால இது நியாயமான விமர்சனம். அவர் 2025ல 11 மேட்ச்ல 142 ரன் அடிச்சார்ங்கறது இந்த விமர்சனத்துக்குத் தேவையே இல்லை. 500 அடிச்சிருந்தாலும் அந்த விலை அதிகம்தான்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு வெங்கடேஷுக்கு பதினாலரை கோடி வரைக்கும் விடாம ஏலம் கேட்டது யாரு? தீர்ப்பு நாள்ல பூஜ்யம் போட்ட அதே பெரிய நீதிபதிதான். ஏலச் சீட்டு என்கிட்ட பத்திரமா இருக்கு. அரைக் கோடியில தப்பிச்சவர் அறிவாளி, அரைக் கோடி சேர்த்துக் கேட்டவர் முட்டாள். இதுதான் எங்க குரூப் நீதி.

சரி, ஜெயிச்சவர் கதைக்கு வருவோம். அரியலூர்ல சிமென்ட் ஃபேக்டரியில வேலை பார்க்கிற நண்பர். அவர் டீம்ல சாய் சுதர்சன், 759 ரன், ஆரஞ்சு கேப். உண்மையிலேயே நல்ல தேர்வு. அன்னைக்கே காரணம் சொல்லித்தான் எடுத்தார், அதுக்கு என் கைதட்டல் உண்டு. பிரசித் கிருஷ்ணா, 25 விக்கெட், பர்ப்பிள் கேப். இவரை எப்படி எடுத்தார்? அர்ஷ்தீப் சிங்குக்கு ஏலம் கேட்டுத் தோத்துட்டு, மிச்சமிருந்த காசுல, "யாராவது ஒரு ஃபாஸ்ட் பவுலர் போடுங்கப்பா, பசிக்குது"ன்னு சொல்லி எடுத்தார். கடைசி ஆளு வைபவ் சூர்யவன்ஷி. "சின்னப் பையன், பார்க்க பாவமா இருக்கான்"னு சிரிச்சுக்கிட்டே எடுத்தது. அந்தப் பையன் 14 வயசுல இறங்கி, சந்திச்ச முதல் பந்தையே சிக்ஸர் அடிச்சு, ஏப்ரல் 28 குஜராத்துக்கு எதிரா 35 பந்துல சதம் போட்டுட்டான்.

தீர்ப்பு நாள்ல இந்த டீமுக்கு மார்க் பத்துக்குப் பத்து. "என்னா ஸ்கெட்ச்சு!" அப்படின்னு பாராட்டு. மாப்ள, அது ஸ்கெட்ச் இல்ல, பசி. அதிகபட்சம் ஆறு கொடுக்கலாம்.

இங்கேதான் என் கட்சி. ஜெயிச்சவருக்குக் கோப்பை கொடுங்க, எனக்கு ஆட்சேபம் இல்லை. யார் ஜெயிச்சதுன்னு சொல்லத்தான் டேபிள் இருக்கு. யார் நல்லா யோசிச்சாங்கன்னு அந்த டேபிள் சொல்லாது. அது வேற கணக்கு, அதுக்கு வேற தாள் வேணும்.

எங்க எட்டு பேரை விடுங்க, கோடிக்கணக்குல நிஜப் பணம் போடறவங்க கதையைப் பாருங்க. 2023 டிசம்பர் 19, துபாய் ஏலம். கொல்கத்தா இதே ஸ்டார்க்கை 24 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. முதல் ரெண்டு மேட்ச்ல அவர் 8 ஓவர் போட்டு 100 ரன் கொடுத்தார், விக்கெட் ஒண்ணு கூட இல்லை. அப்ப சோஷியல் மீடியாவே சிரிச்சுது. ஒரு பந்துக்கு எத்தனை லட்சம்னு கணக்குப் போட்டு மீம். ரெண்டு மாசம் கழிச்சு முதல் குவாலிஃபையர்ல 3 விக்கெட், ஆட்ட நாயகன். சேப்பாக்கத்துல ஃபைனல், முதல் ஓவர்லயே அபிஷேக் சர்மா ஸ்டம்ப் பறந்துச்சு, 3 ஓவர்ல 14 ரன்னுக்கு 2 விக்கெட், மறுபடி ஆட்ட நாயகன். மீம் போட்ட அதே கைங்க "மாஸ்டர் ஸ்ட்ரோக்"னு எழுதுச்சு.

ஏலம் நடந்தது ஒரே ஒரு நாள். கை தூக்கினது ஒரே ஒரு தடவை. மார்ச்சுல அது முட்டாள்தனம், மே கடைசியில மேதைமை. அப்ப நீங்க மார்க் போட்டது எதுக்கு? முடிவுக்கு இல்லை, அன்னைக்கு வந்த ஸ்கோர்கார்டுக்கு.

அதே துபாய் ஏலத்துல இன்னொரு கதை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஷஷாங்க் சிங்னு ஒரு பேர் வந்துச்சு, அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் கை தூக்குச்சு, சுத்தியல் விழுந்துச்சு. அப்புறம்தான் மேஜையில குழப்பம், "இந்த ஆளு இல்லைங்களே" அப்படின்னு. ஏலம் முடிஞ்சது முடிஞ்சதுதான்னு சொல்லிட்டாங்க. பிறகு பஞ்சாப், அவரும் எங்க பட்டியல்ல இருந்தவர்தான், ரெண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்ததால வந்த குழப்பம்னு விளக்கம் கொடுத்துச்சு. 2024 ஏப்ரல் 4, குஜராத்துக்கு எதிரா 200 ரன் துரத்தறப்ப அந்த ஷஷாங்க் 29 பந்துல 61 நாட் அவுட். அந்த சீசன்ல 354 ரன். அடுத்த ஏலத்துக்கு முன்னாடி பஞ்சாப் தக்கவெச்சது ரெண்டே பேரை, அதுல ஒருத்தர் இவர், அஞ்சரைக் கோடிக்கு. 2025 ஃபைனல்லயும் கடைசி பந்து வரைக்கும் நின்னு 61 நாட் அவுட்.

டேபிளைப் பார்த்து மார்க் போட்டா, 2023 ஏலத்துலயே சிறந்த முடிவுகள்ல ஒண்ணு இது. முடிவு எடுத்த மேஜையைப் பார்த்து மார்க் போட்டா, எத்தனை கொடுப்பீங்க? (ஷஷாங்க்கோட திறமையில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகமெல்லாம் மேஜை மேலதான்.)

நம்ம வருண் சக்கரவர்த்தி கதையும் தெரிஞ்சதுதான். ஆர்க்கிடெக்ட் வேலை பார்த்துட்டு வந்தவர், டிஎன்பிஎல்ல கலக்கினார். 2018 டிசம்பர்ல பஞ்சாப் 8 கோடியே 40 லட்சம் கொடுத்தது. 2019ல ஒரே மேட்ச், முதல் ஓவர்ல 25 ரன், அப்புறம் காயம், கழட்டி விட்டாங்க. அடுத்த ஏலத்துல கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்து 2020ல 17 விக்கெட். பஞ்சாப் எடுத்தது தப்பா? ஆளை அடையாளம் கண்டது சரி. ஒரு வருஷத்துல விட்டதுதான் தப்பு. "எட்டரைக் கோடி வேஸ்ட்"னு அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புதான் அவங்களை விட வெச்சுதோ என்னவோ. அது என் ஊகம்.

இந்த டிராஃப்ட் விளையாட்டே அமெரிக்காவுல பேஸ்பாலுக்காக வந்தது. 1980ல டேனியல் ஓக்ரென்ட்ங்கற பத்திரிகையாளரும் அவர் நண்பர்களும் நியூயார்க்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல கூடி ஆரம்பிச்சாங்க. அந்த ரெஸ்டாரன்ட் பேர்லதான் முதல் லீக். விதிகளை யோசிச்சு எழுதின அந்த மனுஷன் தான் கண்டுபிடிச்ச லீக்கைத் தான் ஜெயிச்சதே இல்லைன்னு சொல்வாங்க. எங்க குரூப்ல இருந்திருந்தா அவருக்கும் பூஜ்யம்தான்.

இப்ப ஆஸ்பத்திரிக்கு வருவோம். ஒரு வாட்ஸ்அப் சண்டைக்கு இவ்வளவு நீளம் எதுக்குன்னு நினைக்கிறவங்க இங்கிருந்து படிங்க.

பாம்புக்கடி. எங்க பக்கம் முந்திரிக் காடு, மக்காச்சோளக் கொல்லை, ராத்திரி தண்ணி பாய்ச்சற வேலை. பாம்புக்கடி இல்லாத வாரம் கிடையாது. கடிபட்டு வர்றவருக்கு உடனே விஷமுறிவு மருந்து ஏத்திட முடியாது. காரணம், கடிச்ச பாம்பு எல்லாமே விஷப்பாம்பு இல்லை. விஷப்பாம்பே கடிச்சாலும் சில சமயம் விஷம் இறங்கியிருக்காது. அந்த மருந்து குதிரை ரத்தத்துல இருந்து தயாராகுது, சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரும். அதனால முதல்ல ரத்தம் எடுத்து, சுத்தமான காஞ்ச கண்ணாடிக் குழாயில 20 நிமிஷம் அசைக்காம வெச்சு, சாய்ச்சுப் பார்ப்போம். உறைஞ்சிருந்தா, கண் இமை தொங்கலை, மூச்சுத் திணறலை, வீக்கம் ஏறலைன்னா, ஒரு நாள் முழுக்க கண்காணிப்புல வெச்சு, திரும்பத் திரும்பப் பரிசோதிப்போம். விஷம் ஏறுற அறிகுறி தெரிஞ்சதும் மருந்து. இதுதான் முறை.

இந்த முறைப்படி ரெண்டு பேரைக் கவனிக்கிறோம்னு வைங்க. ஒருத்தருக்கு ஒண்ணும் ஆகலை. மறுநாள் வீட்டுக்குப் போறப்ப உறவுக்காரர் சொல்வார்: "ஒரு ஊசி கூடப் போடலை, சும்மா படுக்க வெச்சு அனுப்பிட்டாங்க." இன்னொருத்தருக்கு ஆறு மணி நேரம் கழிச்சு ரத்தம் உறையாமப் போகுது, மருந்து ஏத்தறோம், சிறுநீரகம் கொஞ்சம் அடிவாங்குது. அதே மாதிரி ஒரு உறவுக்காரர் சொல்வார்: "வந்த உடனே ஊசி போட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

ரெண்டு பேருக்கும் செஞ்சது ஒரே வேலை. ஒரே பரிசோதனை, ஒரே கண்காணிப்பு. கிடைச்ச திட்டு மட்டும் வேற வேற.

(இடையில ஒரு வார்த்தை: பாம்பு கடிச்சா கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காம, நேரா விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. பாம்பைத் தேடிப் பிடிச்சு சாக்குல கட்டி எடுத்துட்டு வரவும் வேண்டாம். போன மழைக்காலத்துல ஒருத்தர் உயிரோட எடுத்துட்டு வந்து, நர்ஸுங்க எல்லாம் ஸ்டூல் மேல ஏறி நின்னோம்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க.)

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதும் இதே கதை. நெஞ்சுவலி, தலைக்காயம், சிக்கலான பிரசவம்னு வர்றவரை இங்கேயே வெச்சுப் பார்க்கறதா, திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பறதா? அனுப்பி வழியில ஏதாவது ஆயிட்டா, "இருந்த இடத்துலயே வெச்சிருந்தா பொழைச்சிருப்பார்." வெச்சுக்கிட்டு ஏதாவது ஆயிட்டா, "காலத்துல அனுப்பியிருந்தா பொழைச்சிருப்பார்." ரெண்டு வாக்கியமும் தயாரா இருக்கு, டாக்டர் எதைச் செஞ்சாலும் மிச்சமிருக்கிறது அவர் மேல விழும்.

இது படிப்பில்லாதவங்க பண்ற வேலைன்னு நினைக்காதீங்க. 1988ல ஜோனாதன் பேரன், ஜான் ஹெர்ஷினு ரெண்டு பேர் ஒரு ஆய்வு பண்ணினாங்க. 55 வயசு இதய நோயாளி, பைபாஸ் ஆபரேஷன், இறக்கிறதுக்கு வாய்ப்பு 8 சதவீதம், டாக்டர் ஆபரேஷன் பண்ண முடிவெடுத்தார். கதை ஒண்ணுதான். ஒரு தடவை "பிழைச்சுட்டார்"னு முடிச்சாங்க, இன்னொரு தடவை "இறந்துட்டார்"னு முடிச்சாங்க. டாக்டர் எடுத்த முடிவு சரியான்னு கேட்டா, இறந்துட்டார்னு படிச்சப்ப மார்க்கைக் குறைச்சுட்டாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டருக்குத் தெரிஞ்சது ரெண்டு கதையிலயும் ஒரே விஷயம்தான்.

டாக்டர்கள் மட்டும் ஒழுங்கான்னு கேட்பீங்க. 1991ல அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட இதழ்ல வந்த ஆய்வு. 112 மயக்க மருந்து டாக்டர்கள்கிட்ட 21 கேஸ் கொடுத்தாங்க. சிகிச்சை விவரம் அப்படியே இருக்க, நோயாளிக்கு வந்த பாதிப்பு தற்காலிகமா நிரந்தரமாங்கறதை மட்டும் மாத்தினாங்க. நிரந்தரப் பாதிப்புன்னு படிச்சப்ப "சிகிச்சை சரி"ன்னு சொன்னவங்க சுமார் 30 சதவீதப் புள்ளி குறைஞ்சுட்டாங்க. தன் துறை, தன் வேலை, தினமும் பார்க்கிற கேஸ். அப்பவும் கண்ணை மறைச்சுது முடிவு. படிச்ச டாக்டருக்கே இந்த நிலைமைன்னா, மொட்டை மாடி நீதிபதிகளை என்ன சொல்ல?

உடனே ஒருத்தர் வருவார்: "அப்ப ரிசல்ட்டே முக்கியம் இல்லையா? தோத்தவன் எல்லாம் 'என் ப்ராசஸ் சரி, அதிர்ஷ்டம் இல்லை'ன்னு சொல்லித் தப்பிச்சுடுவானே?" நல்ல கேள்வி. ஒரு சர்ஜன் கையில ஒரு நோயாளி இறந்ததை வெச்சு அவரை எடை போட முடியாது. இருநூறு நோயாளிகள்ல எத்தனை பேர், எப்படிப்பட்ட நிலைமையில வந்தவங்கன்னு பார்த்தா எடை போடலாம். எங்க குரூப்லயும் தொடர்ச்சியா அஞ்சு வருஷம் கடைசி மூணு இடத்துக்குள்ள வர்ற ஒருத்தர் இருக்கார். வருஷா வருஷம் அதிர்ஷ்டத்தைத் திட்டுவார். அண்ணே, அஞ்சு வருஷம் ஒருத்தரை மட்டும் தேடி வந்து அடிக்கிற அளவுக்கு அதிர்ஷ்டத்துக்கு உங்க மேல கோபம் இல்லை. நீங்க ஏலத்துல முதல் அரை மணி நேரத்துல காசையெல்லாம் கொட்டிட்டு, மீதி நேரம் மிக்சர் சாப்பிடறீங்க. அது யோசனைக் கோளாறு, அதைச் சொல்லலாம், சொல்லணும். செட்டிகுளம் நண்பரோ இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை முதல் மூணு இடத்துக்குள்ள வந்தவர். ஒரு எலும்பு முறிவையும் ஒரு எல்லைப் பதற்றத்தையும் வெச்சு அவருக்குப் பூஜ்யம்.

தப்பைக் கண்டுபிடிக்கவே வேண்டாம்னு நான் சொல்லலை. தமிழ்நாட்டுல பிரசவத்துல ஒரு தாய் இறந்தா தணிக்கை நடக்கும். எத்தனை மணிக்கு வந்தாங்க, அப்ப ரத்த அழுத்தம் என்ன, யார் பார்த்தாங்க, ரத்தம் எப்ப கேட்டாங்க, எப்ப வந்துச்சு, ஆம்புலன்ஸ் எங்கே தாமதம்னு மணிக்கணக்கா அலசுவாங்க. எந்த நேரத்துல என்ன தெரிஞ்சிருந்துச்சு, அதை வெச்சு என்ன செஞ்சாங்கங்கறதுதான் அங்கே கேள்வி. கேஸ் ஷீட்ல ஒவ்வொரு வரிக்கும் நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கறது அதுக்குத்தான். மயிரிழையில தப்பிச்ச தாய்மார்களோட கேஸையும் எடுத்து அலசற வழக்கம் உண்டு, பிழைச்சுட்டாங்கங்கறதால எல்லாம் சரியா நடந்துச்சுன்னு ஆயிடாது. ஆக ஜெயிச்சவர் டீமையும் வெட்டிப் பாருங்க. போஸ்ட்மார்ட்டம் பண்ற டாக்டர் இறந்தவரை முட்டாள்னு ரிப்போர்ட்ல எழுதறதில்லை.

எனக்கு உண்மையில கவலை தர்றது வெங்காயம். சின்ன வெங்காயத்துக்குத் தமிழ்நாட்டுல முன்வரிசையில இருக்கிற மாவட்டம் பெரம்பலூர். கிலோ நூறு ரூபாயைத் தாண்டின வருஷமும் உண்டு, இருபதுக்குக் கேட்க ஆளில்லாத வருஷமும் உண்டு. பிடுங்கின உடனே வித்துடறதா, பட்டறை போட்டு விலைக்குக் காத்திருக்கறதா? காத்திருந்து விலை ஏறினா, "ஆளு கில்லாடி." காத்திருக்கறப்ப மழை பிடிச்சு அழுகிட்டா, இல்ல விலை விழுந்துட்டா, "பேராசை." உடனே வித்த பிறகு விலை ஏறினா, "பொறுமை இல்லாதவன்." திருகல் நோய் வந்து பயிர் சுருண்டு போனா, "அப்பவே மக்காச்சோளம் போடுன்னு சொன்னேன்." யாரு சொன்னது? ஒருத்தரும் சொல்லலை. சொன்னதா ஞாபகம் மட்டும் எல்லாருக்கும் வந்துடும்.

வீட்டுல மச்சான், டீக்கடையில ஊர்க்காரர், கல்யாணத்துல சொந்தக்காரர்னு எல்லாரும் டேபிளைப் பார்த்துத்தான் மார்க் போடறாங்க. ஒரு விவசாயி வருஷம் முழுக்க அந்த மார்க்கை வாங்கிட்டு, ராத்திரி ஒரு மணி நேரம் சிரிச்சுப் பேசலாம்னு நண்பர்கள் குரூப்புக்கு வந்தா, அங்கேயும் அதே நாற்காலி, அதே நீதிபதிகள்.

இப்படியே திட்டு வாங்கற ஆளு என்ன ஆவார்னு நான் வார்டுல பார்க்கிறேன். முடிவைப் பார்த்துத் திட்டற ஊர்ல வேலை செய்யற டாக்டர், பிழைக்க வைக்கக்கூடிய கேஸைக்கூட "எதுக்கு வம்பு, அனுப்பிடுவோம்"னு ஆம்புலன்ஸ்ல ஏத்திடுவார். தேவையில்லாத ஸ்கேன் எழுதுவார். தேவையில்லாத ஊசி போடுவார், "ஒண்ணுமே செய்யலை"ங்கற பேர் வரக் கூடாதுன்னு. அந்தச் செலவு உங்க பாக்கெட்ல இருந்துதான் போகுது. அந்த ஆம்புலன்ஸ்ல ஒரு மணி நேரம் ஆடி ஆடிப் போறது உங்க அப்பாதான். எங்க குரூப்லயும் அடுத்த வருஷம் எட்டு பேரும் கோலிக்கும் பும்ராவுக்கும் சண்டை போட்டுட்டு, புதுப் பையன் ஒருத்தனையும் தொட மாட்டாங்க. திட்டு வாங்காம இருக்கிறதுக்காக ஆடற ஆட்டத்தை யாரு பார்க்கறது?

அடுத்த டிராஃப்டுக்கு நாள் குறிக்கப் போறதா கேள்விப்பட்டேன். கேஸ் ஷீட் எழுதற ஆளா ஒரு விதி சேர்க்கச் சொல்றேன். ஒவ்வொரு வீரரை எடுக்கறப்பவும் ஏன் எடுத்தோம்னு ஒரு வரி, நேரம் போட்டு, குரூப்லயே எழுதணும். "பசிக்குது"ன்னாலும் எழுதணும். அந்த விலைக்கு அந்த நிமிஷம் வேற யார் யார் மிச்சம் இருந்தாங்கங்கறதை ஏலச் சீட்டுல நான் குறிச்சு வைக்கறேன். டிராஃப்டுக்கு மார்க் போடணும்னா முதல் பந்து வீசறதுக்கு முன்னாடி போட்டு, கவர்ல ஒட்டி என்கிட்ட கொடுத்துடணும். ஜூன்ல கோப்பை கொடுக்கிற அன்னைக்குப் பிரிப்போம். அப்ப முதல்ல யார் முகம் மாறுதுன்னு பார்க்க எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு, பெரிய நீதிபதி அவர்களே.

அட்மின் அரியலூர்க்காரர்னு எல்லாருக்கும் தெரியும். செட்டிகுளம் நண்பரைத் திரும்பச் சேர்க்கறது அவர் வேலை. லிங்க் அனுப்பினா மட்டும் போதாது, போன் பண்ணிக் கூப்பிடணும். அந்த வெங்காய வாய்ஸ் நோட்டைப் போட்டவர் அதுக்கு முன்னாடி நேர்ல போய்ட்டு வரட்டும். பைக்ல முக்கா மணி நேரம்தான்.

பரோட்டாக் கணக்கு தீர்ந்தது. அதுல அவர் ஒரு ரூபாய் கூட பாக்கி வைக்கலை.